புல் வெட்டும் செலவு

ஜூலை மாதம். பெக்கான் கெலாடி மாவட்ட மன்றத்தில்
பன்னிரண்டு மேசைக்கு நான்கு பேர்.
காலி நாற்காலிகளில் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி.
வாசலில் என் நெற்றியைப் பார்த்த கருவி
முப்பத்தாறு புள்ளி இரண்டு என்றது.
அன்றைக்கு நான் முழுசாக நம்பிய எண் அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு எவ்வளவு வரும், எவ்வளவு போகும்
என்று மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும்.
அடுத்த செவ்வாய் பாசார் திறக்குமா என்பதே
யாருக்கும் தெரியாது.

இரவுச் சந்தை உரிமக் கட்டணம்,
நூற்றுப் பதினெட்டுக் கடை.
பூஜ்ஜியம் போட்டேன்.
திரைச் சதுரத்திலிருந்து துவான் ரொஸ்லான்,
"வெறும் பூஜ்ஜியம் பார்க்க நன்றாயில்லை, தமயந்தி.
பத்து வெள்ளியாவது போடுங்கள்" என்றார்.
போட்டேன்.
அவருக்குப் பின்னால் யாரோ குக்கரை இறக்கினார்கள்.

மண்டப வாடகை.
முன்பெல்லாம் வருஷத்துக்கு நாற்பது கல்யாணம்.
இப்போது மணவறை இருந்த மேடையில் ஊசி போடுகிறார்கள்,
ஊசிக்கு வாடகை வாங்க முடியாது.
வண்டி நிறுத்தக் கட்டணம்:
கடைத்தெருவில் மதியம் நிற்பவை குரங்குகள்.

மதிப்பீட்டு வரி பாக்கி, பதினேழு பக்கம்.
வீட்டெண்களை நான் மேலிருந்து கீழே படிக்கிறேன்.
காலையில் தோட்டத்துச் சாலை வழியாக வந்தபோது
அதே எண்களைக் கீழிருந்து மேலே பார்த்திருந்தேன்,
ஒவ்வொன்றின் வாசலிலும் வெள்ளைக் கொடி.
ஒரு வீட்டில் துணி கிடைக்கவில்லை போலிருக்கிறது,
பள்ளிச் சட்டையைக் கட்டியிருந்தார்கள்.
பையில் பெயர்ப் பட்டை அப்படியே இருந்தது.
"நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாமா?"
"பிறகு."
பிறகு என்பது எந்தக் காலாண்டு என்று
நான் கேட்கவில்லை.

எல்லாம் இறங்கிய தாளில் ஏறியது ஒரே வரி:
மின்சுடலை, எரிவாயு.
இருமடங்கு போட்டேன்.
அழித்துப் பழைய தொகையையே போட்டேன்.
குறைத்து எழுதினால் குறைவாகச் சாவார்களா என்ன.
மறுபடி இருமடங்கு.
அந்தத் தொகைக்குள் யார் யாரோ
இன்னும் சமைத்துக்கொண்டிருந்தார்கள்,
இருமிக்கொண்டிருந்தார்கள்,
பிள்ளையின் கைப்பேசிக்கு டேட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும்.
விழா விளக்குகள் போயின, நீரூற்று போனது.
இன்னும் பற்றவில்லை.
மிஞ்சியது புல்.

ஒப்பந்தக்காரர் சங்கிலிமுத்து.
ஆறு ஆள், நான்கு இயந்திரம், ஒரு பழைய லோரி.
தோட்டத்தில் மரம் வெட்டியவர்.
மரம் வெட்டுவதென்றால் இங்கே சாய்ப்பதில்லை;
பட்டையில் ஒரு கோடு, பால் வரும், மரம் நிற்கும்.
கத்தி கொஞ்சம் ஆழம் போனால் காயம்.
காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாய் வரும்,
அங்கே மறுபடி கத்தி வைக்க முடியாது.
என் அம்மாவுக்கு ஒருமுறை மூன்று காயத்துக்காகச்
சம்பளத்தில் பிடித்தார்கள்.

மாதம் நான்கு முறை என்றிருந்ததை ஒன்றாக்கினேன்.
ஆழம்தான், தெரியும்.
என் சம்பளத்தில் யாரும் பிடிக்கப் போவதில்லை.

கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது.
திரு. லிம் ஏதோ ஆட்சேபித்தார்,
ஒலியை அடைத்தபடியே.
உதடு அசைந்து நின்றதும் ஏகமனதாக நிறைவேறியது.

அக்டோபர் மழைக்குப் புல் இடுப்பளவு.
ஊர்ப் பெயர்ப் பலகையில் "கெலா" வரைதான் தெரிந்தது.
ஒரு ஞாயிறு சங்கிலிமுத்து தனியாக வந்து
கிளினிக் வாசலையும் சுடலைப் பாதையையும் மட்டும்
வெட்டிவிட்டுப் போனாராம்.
கூலி கேட்கவில்லை.
திங்கள் காலை ஒரு பில் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது:
பெட்ரோல் மூன்று லிட்டர்,
ஆறு வெள்ளி பதினைந்து சென்.

எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?
"இதர செலவு" என்றொரு வரி இருந்தது.
அதைப் போன மாதம்தான் நானே மூடினேன்.